மேட்டூர் அளவோடு கடைமடை அளவையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் திருத்துறைப்பூண்டி வட்டத்தில், காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் ஒரு கடைமடைக் கிராமத்துக்காரி. 31 வருடம் அரசுப் பள்ளியில் புவியியல் நடத்தி ஓய்வு பெற்றவள். அப்பா விட்டுப்போன ஒன்பது மா நிலம் இருக்கிறது. மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12 நெருங்குவதால் உங்கள் நாளிதழில் மேட்டூர் நீர்மட்டம் மறுபடியும் முதல் பக்கத்துக்கு வந்துவிட்டது. அதைப் பார்த்ததும், தை மாதக் கடைசியில் போய்வந்த ஒரு பயணத்தில் நான் கண்டதை எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

சம்பா அறுவடையை அண்ணன் பொறுப்பில் விட்டுவிட்டு, நானும் அக்காவும் அல்ஜீரியாவுக்குப் போனோம். சென்னையிலிருந்து கிளம்பிய எட்டுப் பேரில் நாங்கள் இருவர். தெற்கே பாலைவனத்துக்குள் வெளிநாட்டார் அந்நாட்டுப் பயண நிறுவனம் ஒன்றின் மூலம், வழிகாட்டியோடுதான் போக வேண்டும். எங்களுக்கு இரண்டு லேண்ட் குரூசர் வண்டி, இரண்டு ஓட்டுநர், வழிகாட்டியாக முப்பது வயதுகூட நிரம்பாத ஒரு பையன். வயதான பெண்களை அங்கே 'ஹாஜா' என்று மரியாதையாகக் கூப்பிடுவார்களாம். முஸ்லிம்கள் நிறைய வாழும் முத்துப்பேட்டைப் பக்கம் வளர்ந்த எங்களுக்கு அது அன்னியமாகவே படவில்லை.

சகாரா என்றால் மணல்மேடு, ஒட்டகம், பேரீச்ச மரம் என்று எத்தனை வருடம் கரும்பலகையில் வரைந்திருப்பேன்! அல்ஜியர்ஸிலிருந்து 600 கிலோமீட்டர் தெற்கே கர்தாயா, அங்கிருந்து எல் மெனியா வழியாகத் திமிமூன். வழி நெடுகக் கண்ணில் பட்டது பெரும்பாலும் சரளைக்கல்லும் மொட்டைப் பாறையும்தான். சகாராவில் மணல் பரப்பு ஏறக்குறைய கால்பங்குதான். இந்தக் கடிதத்தைப் படிக்கும் என் பழைய மாணவர்கள் அந்தப் படத்தைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

கர்தாயாவில், எப்போதோ ஒருமுறை வரும் காட்டாற்று வெள்ளத்தைக் கல்வாய்க்கால்களால் பிரித்துத் தோப்புகளுக்குப் பாய்ச்சும் ஏற்பாட்டைப் பார்த்தோம். 1982இல் உலகப் பாரம்பரியச் சின்னமான பள்ளத்தாக்கு அது. ஆனால் என்னை உட்கார வைத்தது திமிமூன்.

செம்மண் குழைத்துக் கட்டிய சிவப்பு ஊர். ஆண்டு முழுவதும் பெய்யும் மழையைச் சேர்த்தாலும் நம் ஐப்பசியின் ஒரு நாள் அடைமழைக்கு ஈடாகாது. அங்கே தோப்பு இருக்கிறது, அதன் நிழலில் பாத்தி கட்டிக் காய்கறி போடுகிறார்கள். தண்ணீர் ஃபொகாராவிலிருந்து வருகிறது. மேட்டுப் பக்கம் பூமிக்கடியில் ஊறும் நீரை, லேசான சரிவில் வெட்டிய சுரங்க வாய்க்கால் வழியாக ஊருக்குக் கொண்டுவருவதுதான் ஃபொகாரா. மோட்டார் கிடையாது, ஏற்றம் கிடையாது. சுரங்கத்தைத் தோண்டவும் தூர் வாரவும் இடைவெளி விட்டுக் கிணறு போல இறக்கியிருக்கிறார்கள். அள்ளிப்போட்ட மண், தூரத்திலிருந்து பார்க்கும்போது கறையான் புற்றுகள் வரிசை கட்டி நிற்பது போல இருந்தது.

சுரங்கம் வெளியே வரும் இடத்தில் ஒரு சின்னத் தொட்டி. அதன் வாயில் குறுக்கே ஒரு பலகைக்கல், சீப்புப் பல் மாதிரி இடைவெளி விட்டு வெட்டியது. இதற்குப் பெயர் கஸ்ரியா. ஒரு இடைவெளி நான்கு விரல் அகலம், அடுத்தது ஒரு விரல், இன்னொன்று என் சுண்டுவிரலும் நுழையாது. ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின் பங்கு. ஒவ்வொன்றிலிருந்தும் தனி வாய்க்கால் பிரிந்து அவரவர் தோப்புக்குப் போகிறது. ஒரு பெரியவர் மண்டியிட்டு, இரண்டு பல்லுக்கு நடுவே சிக்கியிருந்த பேரீச்ச நாரை விரலால் எடுத்துவிட்டார். நீர் உடனே ஒரு நூல் கூடியது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன், அதை அவரும் பார்த்தார், பக்கத்துத் தோப்புக்காரரும் பார்த்தார்.

பங்கை அளப்பதற்கென்றே ஊரில் ஒருவர் உண்டு, 'கியால் எல் மா', நீர் அளப்பவர். ஓட்டை போட்ட செப்புத் தகட்டை ஓடும் நீரில் வைத்து, வேண்டாத ஓட்டைகளைக் களிமண்ணால் அடைத்து அளக்கிறார். அளவுக்குப் பெயர் ஹப்பா, அதாவது தானிய மணி. நம் வேலி, மா, குழி மாதிரி அதற்கும் உட்பிரிவுகள் உண்டு. பாகம் பிரித்தாலும் விற்றாலும் மறுபடி அளந்து பதிவேட்டில் எழுதிவிடுவார்கள். சரி, தண்ணீர் வரத்தே குறைந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "எல்லோருக்கும் குறையும் ஹாஜா" என்றான் வழிகாட்டி. கல் அசையாது, பல்லும் மாறாது, ஆகவே நான்கு விரல்காரருக்கும் குறையும், ஒரு விரல்காரருக்கும் அதே விகிதத்தில் குறையும்.

கடைமடைக்காரிக்கு இந்தப் பதில் எப்படி இருந்திருக்கும் என்று மேல்மடைக்காரர்களுக்கு முழுதாகப் புரியுமா, தெரியவில்லை.

அங்கே எல்லாம் தங்கம் என்று சொல்ல வரவில்லை. சுரங்கம் தோண்டியவர்களில் பலர் அடிமைகள். தோண்டிய கைக்குத் தண்ணீரில் பங்கு இல்லை. கீழத்தஞ்சைப் பண்ணையாட்களின் கதை தெரிந்த நமக்கு அதை விளக்க வேண்டியதில்லை. ஆழ்துளைக் கிணறு வந்த பிறகு நிலத்தடி நீர் இறங்கி, மணல் மூடி, செத்துப்போன ஃபொகாராக்களும் நிறைய. அடுத்துள்ள துவாத், திடிகெல்ட் பகுதிகளின் நீர் அளப்பவர்களுடைய அறிவை, உடனடியாகக் காக்க வேண்டிய மரபு என்று 2018இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்திருக்கிறது.

பயணத்தின் கடைசியில் தென்கிழக்கே ஜானெத். அதன் பக்கத்தில் தனியாக நிற்கும் ஒரு பாறையின் அடியில் மாடுகளைச் செதுக்கியிருக்கிறார்கள், சகாரா புல்வெளியாக இருந்த காலத்து வேலை. வளைந்த கொம்பு, தாழ்ந்த தலை, கண்ணுக்குக் கீழே ஒரு சொட்டு. தண்ணீர் குடிக்க வந்த மாடுகள் குட்டை வற்றிக் கிடந்ததைப் பார்த்து அழுகின்றன என்று அங்குள்ளவர்கள் சொல்கிறார்கள். அக்கா பாறையை விட்டு நகரவே இல்லை. 2016-17 வறட்சியில் அவள் மூன்று மாடுகளைக் கயிற்றோடு ஓட்டிப்போய்க் கிடைத்த விலைக்கு விற்றவள்.

இனி நம் ஊர். போன குறுவைக்கு மேட்டூர் திறந்து 32ஆம் நாள்தான் எங்கள் வாய்க்காலில் தண்ணீர் ஏறியது. வாய்க்கால் முழுக்க நெய்வேலிக் காட்டாமணக்கும் ஆகாயத்தாமரையும். தலைப்பில் ஒரு ஷட்டர் பாதியில் இறுகி நிற்கிறது. அலுவலகத்தில் போய்க் கேட்டேன். "முறை வைத்துத்தான் விடுகிறோம் அம்மா" என்றார்கள். அந்த முறைக் கணக்கைப் பார்க்கலாமா என்றதற்குப் பதில் வரவில்லை. மேலே கட்டை போட்டு மறித்தவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நாளைக்கு வருமா என்று தெரியாத தண்ணீரை இன்றைக்கே பிடித்துவைக்கத்தான் யாருக்கும் தோன்றும். அந்தப் பயம் கணக்கு தெரியாததால் வருவது.

கஸ்ரியாவைக் கொண்டுவந்து காவிரியில் வைக்கச் சொல்லவில்லை. கணக்கை எல்லோர் கண்ணிலும் படும்படி வையுங்கள் என்கிறேன். ஒவ்வொரு கிளை வாய்க்கால் தலைப்பிலும் ஒரு கரும்பலகை வேண்டும்: எந்தத் தேதி, எத்தனை கண் திறப்பு, எத்தனை அடி தண்ணீர், யார் முறை, அடுத்து யார் முறை. மதகைத் திறந்து மூடும் பணியாளரான லஸ்கர் தினமும் காலையில் எழுதிவிட்டுப் போகலாம். சாக்பீஸ் போதும்.

உங்களிடம் கேட்பது இன்னும் சின்னது. தினமும் மேட்டூர் நீர்மட்டமும் வரத்தும் போடுகிறீர்கள், அப்புறம் அதற்குக் கீழே கடைமடை மதகுகளின் அளவையும் போடுங்கள். எங்கள் தலைப்பில் அனுமதி கிடைத்தால் பலகைச் செலவு என்னுடையது. காலை ஏழு மணிக்கு அளவைப் பார்த்துச் சொல்ல என் பழைய மாணவர்கள் இரண்டு பேர் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் ஒரு வரி இடம் தர வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற புவியியல் ஆசிரியை,
திருத்துறைப்பூண்டி வட்டம்.