செயலாளர் ஆண்டறிக்கை 2025–26

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நவராத்திரி கொலுவும் திருக்குறள் போட்டியும் வழக்கம்போல் நடந்தன. பொங்கல் விழா மட்டும் சர்க்கரைப் பொங்கலோடு முடிந்தது; கச்சேரி இல்லை. ஏன் என்று பலர் கேட்டீர்கள். சொல்கிறேன்.

2025 ஜூன் 1, ஞாயிற்றுக்கிழமை. தில்லி உயர் நீதிமன்ற உத்தரவின்படி, தெற்கு தில்லி ஜங்புராவில் பாராபுல்லா கால்வாயை ஒட்டி, தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்த குடிசைப் பகுதியான மதராசி கேம்ப் இடிக்கப்பட்டது. சுமார் 370 வீடுகள். நாம் வழக்கமான புத்தியோடு இரண்டு அண்டா சாம்பார் சாதம் கிளறிக் கொண்டுபோனோம். நமக்கு முன்பே வேறு சிலரும் சாப்பாட்டோடு வந்து நின்றார்கள். கட்டிலையும் சிலிண்டரையும் சாலையோரம் இறக்கி வைத்திருந்த ஒருவர், "சாப்பாடு இருக்கட்டும் அண்ணே, டெம்போ ஒன்று பிடித்துத் தர முடியுமா?" என்றார். அது எங்கள் யாருக்கும் தோன்றவே இல்லை. விழாவுக்கென்று ஒதுக்கிய பணத்தைப் பொருளாளர் அங்கேயே வண்டி வாடகைக்கும், சிலருக்கு அறை அட்வான்ஸுக்கும் எடுத்துக் கொடுத்தார். பொதுக்குழுவின் ஒப்புதலை இப்போதுதான் கேட்கிறோம்.

அன்றைய கணக்குப்படி மாற்று வீட்டுக்குத் தகுதி பெற்றவை 189 குடும்பங்கள். 2015 ஜனவரி 1க்கு முன்பே அங்கே குடியிருந்ததற்கு ஆவணம் வேண்டும், வாக்காளர் பட்டியலில் பெயர் வேண்டும். செல்லம்மாள் பாட்டி தகரப் பெட்டியைத் திறந்து, பால் கவருக்குள் மடித்து வைத்திருந்த அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். ஓர் அட்டையில் 'சிலம்மா', இன்னொன்றில் 'செல்மா'. இந்தியில் எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதிவிட்டார். பாட்டிக்குப் படிக்கத் தெரியாது. அதன்பின் சங்கத்தின் சனிக்கிழமைகள் எல்லாம் ஜெராக்ஸ் கடையிலும் பிரமாணப் பத்திரம் எழுதுவதிலுமே கழிந்தன. முப்பது ஆண்டுகளாக அன்னதானம் செய்யும் நாம், ஒரு நாளாவது இவர்களுடைய அட்டைகளை வாங்கிப் பார்த்திருக்கலாம்.

வீடு கிடைத்தவர்கள் பாடும் லேசானதல்ல. வீடு கொடுத்த இடமான நரேலா, தில்லியின் வடக்கு விளிம்பில், சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஜங்புராவிலும் பக்கத்துப் பகுதியான போகலிலும் காலை ஆறு மணிக்குப் பாத்திரம் துலக்கப் போன பெண்கள் அங்கிருந்து எத்தனை மணிக்குக் கிளம்புவார்கள்? பெண்களுக்குப் பஸ்ஸில் டிக்கெட் இலவசம்தான், ஆனால் வேலைவீட்டு அம்மாக்கள் காத்திருப்பதில்லை. நம் உறுப்பினர்களின் வீடுகளில் வேலை செய்தவர்களும் இதில் உண்டு. யாரென்று இங்கே எழுதவில்லை.

குளிர் மாதங்களில் சராய் காலே கான் இரவுக் காப்பகங்களில் போர்வை கொடுத்தோம். அங்கே தமிழர் எத்தனை பேர் என்று செயற்குழுவில் ஒருவர் கேட்டார். அந்தக் கேள்வியை நான் குறிப்பேட்டில் ஏற்றவில்லை.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். செல்லம்மாள் பாட்டியின் பெயர் இன்னும் திருத்தப்படவில்லை. வருகிற செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அவருடன் அலுவலகத்துக்குப் போக, இந்தி நன்றாக எழுதத் தெரிந்த உறுப்பினர் ஒருவர் தேவை. கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள்.