ஞாயிறு சந்திப்பு: மனநலப் பேச்சு

எல்லாருக்கும் வணக்கமுங்க. மனநலச் சிகிச்சையைப் பெண்ணியப் பார்வையில் பார்க்கிற, போன மாசம் தள்ளிப்போன பேச்சு வர்ற ஞாயிறு காலை 10:30-க்கு, ஈரோடு பெருந்துறை ரோட்டில் நம்ம பொருளாளர் அக்கா வீட்டு மொட்டை மாடியில்.

எதுக்கு இந்தத் தலைப்பு என்று இரண்டு பேர் தனியாகக் கேட்டீங்க. பிள்ளை பிறந்து மூன்று மாசம் தூக்கமில்லாமல் போய் உட்கார்ந்த என்னிடம் ஓர் ஆலோசகர், ராத்திரி பிள்ளையை யார் பார்க்கிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்காமல் "அனுசரிச்சுப் போங்க" என்றார். பெண்ணியப் பார்வை முதலில் கேட்பது அந்தக் கேள்வியைத்தான். இன்னொரு காரணமும் உண்டு: தன்பால் ஈர்ப்பை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973-லேயே நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்தாச்சு, 'மாற்றுகிறேன்' என்று செய்யும் சிகிச்சைக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் தடையும் போட்டாச்சு. இன்னமும் பையனைக் கூட்டிக்கொண்டு அலைகிறவர்கள் நம்ம பக்கம் உண்டு.

1. மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017, பிரிவு 18: பாலினம், பாலீர்ப்பு பார்த்துச் சிகிச்சையில் பாகுபாடு கூடாது என்கிறது. படிச்சுட்டு வாங்க.
2. உங்களிடம் யாரும் கேட்காமல் விட்ட ஒரு கேள்வியைச் சீட்டில் எழுதிட்டு வாங்க. பெயர் வேண்டாம்.
3. போட்டோ, ரெக்கார்டிங் கூடாது. பேசியது மாடியோடு சரி.
4. அதுவரை தாங்காது என்றால் 14416, அரசாங்கத்தின் மனநல உதவி எண் டெலி மானஸ். இலவசம், ராத்திரியும் எடுப்பார்கள்.
5. வருகிறவர்கள் வெள்ளிக்குள் இங்கேயே சொல்லிடுங்க, சந்தகைக்கு அரிசி ஊறப்போடணும்.