கரைக்க முடியறதை மட்டும் போடு

கோபிசெட்டிபாளையம்

அன்பு அம்மிணிக்கு,

கண்ணுக்குக் கீழ பள்ளத்தை நிரப்ப ஊசியில போடற ஃபில்லர்னு நீ வாட்ஸ்அப்பில் அனுப்பின நாலு பேரையும் பார்த்தேன். போன்ல பேசினா பாதியில உனக்கு மீட்டிங் வந்துரும், எனக்கும் சொல்ல வந்தது விட்டுப்போகும். அதான் எழுதறேன். ஒரு ஞாயித்துக்கிழமை உக்காந்து நிதானமாப் படி.

தம்பி கல்யாணத்துல கூடப்பொறந்தவ செய்யற இணைச்சீருக்கு நீதான் நிக்கோணும். ஒரம்பரை பூரா உன்னைத்தான் பார்க்கும், கேமராவும் உன் மேலதான் இருக்கும். கண்ணுக்குக் கீழ பள்ளம் தெரியக்கூடாதுன்னு நீ நினைக்கறது எனக்குப் புரியுது. உன் முகம், உன் சம்பளம், நான் குறுக்க நிக்க மாட்டேன். ஆனா சர்வீஸ் பூரா கண் ஆஸ்பத்திரி ஆபரேஷன் தியேட்டர்ல நின்னவ நான். கண்ணுக்குப் பக்கத்துல ஊசி போகுதுன்னா பேசாம இருக்க என்னால முடியாது.

முதல்ல அது பள்ளம்தானான்னு பாரு. பகல்ல ஜன்னலுக்கு நேரா நின்னு, கையில கண்ணாடியைப் பிடிச்சு, வெளிச்சம் கண்ணுக்குக் கீழ நேரா விழற மாதிரி முகத்தைத் தூக்கிப் பாரு. கருப்பு மறைஞ்சா அது பள்ளத்தோட நிழல். ஃபில்லர் வேலை செய்யறது அதுக்குத்தான். எப்படித் திருப்பினாலும் கருப்பு அப்படியே நின்னா அது தோலோட நிறம். நம்ம சனத்துக்கு இது ரொம்ப சகஜம், இதுக்கு ஃபில்லர் போட்டா காசு போகும், கருப்பு போகாது. இமைக்குள்ள இருக்கற கொழுப்பு முன்னால தள்ளி பையாட்டம் நிக்கறதும் உண்டு. பை பெருசா இருந்தா ஜெல் போட்டதும் இன்னும் உப்பிக் காட்டும், அதுக்கு ஆபரேஷன்தான் வழி.

உனக்கு இருக்கறது பள்ளம்தான்னு என் மனசு சொல்லுது. உன் அம்முச்சிக்கு இருந்துச்சு, எனக்கும் இருக்குது. மூக்கோரத்துல ஆரம்பிச்சுக் கன்னத்துப் பக்கம் சாய்ஞ்சு இறங்கும். அந்தக் கோட்டுக்கு அடியில ஒரு நார் தோலை எலும்போட சேர்த்துப் பிடிச்சிருக்கும். வயசாக ஆக சுத்தியிருக்கற கொழுப்பும் எலும்பும் குறையக் குறைய, பிடிச்ச இடம் மட்டும் உள்வாங்கித் தெரியும். இருந்தாலும் ஹீமோகுளோபின் டெஸ்ட் ஒண்ணு எடுத்துரு. ரத்தம் குறைஞ்சு முகம் வெளுத்தா அந்த நிழல் இன்னும் எடுப்பாத் தெரியும். காலையில தும்மித் தும்மிக் கண்ணைத் தேய்ப்பியே, அந்தப் பழக்கமும் இதுல ஒரு பங்கு.

இனி மருந்துக்கு வர்றேன். ரெஸ்டிலேன், ஜுவெடெர்ம் வோல்பெல்லா, பெலொடெரோ இந்த மூணும் ஹையலுரோனிக் ஆசிட் ஜெல். நாலாவதா எழுதியிருக்கற ரேடியஸ் கால்சியம் சேர்ந்தது. அதை இப்பவே அடிச்சுப்போடு.

ஏன்னு சொல்றேன். ஹையலுரோனிக் ஆசிட் கண்ணோட பழக்கமான சரக்கு. 1934ல கார்ல் மேயரும் ஜான் பாமரும் அதை முதமுதல்ல பிரிச்செடுத்ததே மாட்டுக் கண்ணுக்குள்ள இருக்கற கூழ்லதான். கேட்டராக்ட் ஆபரேஷன்ல கண்ணுக்குள்ள விடற விஸ்கோங்கற கூழ் சிலதுலயும் அது உண்டு. அதைக் கரைக்கற மருந்தையும் நான் கையாண்டிருக்கேன். ஹையலுரோனிடேஸ், சின்ன வயல்ல, அதான் மருந்துக் குப்பியில, வெள்ளைத் தூள், 1500 யூனிட். காலையில கேஸ் ஆரம்பிக்கறதுக்கு முன்னால அதைக் கரைச்சு, பிளாக் ஊசிக்கான லிக்னோகெய்ன்ல கலந்து வெப்போம். மரத்துப்போற மருந்து கண்ணைச் சுத்திச் சீக்கிரம் பரவும். அதே ஹையலுரோனிடேஸை ஃபில்லர் போட்ட இடத்துல போட்டா ஜெல் கரைஞ்சுரும். மேடு பள்ளமா ஆனாலும் சரி, உனக்கே பிடிக்காம போனாலும் சரி, திரும்ப வர ஒரு வழி இருக்குது. ரேடியஸையோ, ஸ்கல்ப்ட்ராங்கற இன்னொரு ஃபில்லரையோ அது தொடாது. உடம்புலயே மெல்லிசான தோல் இமைத்தோல், அங்க கட்டி தட்டினா வெளிய தெரியாம இருக்காது. உன் சிநேகிதி சொன்ன, நம்ம உடம்புக் கொழுப்பையே எடுத்துப் போடற ஊசியையும் லேசுல திருப்பி எடுக்க முடியாது.

மிச்ச மூணுல எதுன்னு நான் அடம்பிடிக்க மாட்டேன். வோல்பெல்லாவும் பெலொடெரோவும் இளநுங்காட்டம் நெகுநெகுன்னு இருக்கும். ரெஸ்டிலேன் கொஞ்சம் கெட்டி, ஆனா தண்ணியை அவ்வளவா இழுக்காது. தண்ணி இழுக்கறதுதான் இங்க பெரிய விசயம். கன்னத்துக்கும் தாடைக்கும்னு வர்ற ஜெல்லை இமைக்குக் கீழ போட்டா வெடியக்காலம் எந்திரிக்கறப்ப கண்ணு வீங்கி நிக்கும், மாசக்கணக்குல கூட. அமெரிக்காவுல மருந்துக்கு அனுமதி குடுக்கற எஃப்.டி.ஏ. இந்தப் பள்ளத்துக்குன்னே அனுமதி குடுத்தது 2022ல வோல்பெல்லாவுக்கு, 2023ல ரெஸ்டிலேன் ஐலைட்டுக்கு. அதுக்கு முன்னால வருசக்கணக்கா டாக்டருங்க தங்கள் பொறுப்புலதான் போட்டுட்டிருந்தாங்க. போடற டாக்டருக்கு எது கைப்பழக்கமோ அதுவே இருக்கட்டும்.

கைதான் முக்கியம். தோலுக்கு மேலாப்புல போட்டா வெளிச்சம் ஜெல்லுல பட்டுச் சிதறி நீலம் பாஞ்ச மாதிரி தெரியும், கருப்பை மறைக்கப் போய் நீலம் வந்து நிக்கும். எலும்பை ஒட்டி ஆழமா, துளித்துளியாப் போடோணும். ஒரு பக்கத்துக்கு அரை மில்லிக்கு மேல வேண்டாம். ஒரு மில்லி சிரிஞ்சை வாங்கியாச்சு, காலி பண்ணிரலாம்கற டாக்டர்கிட்ட உக்காராதே. குறைவாப் போட்டுட்டு, சில வாரம் கழிச்சு வா பார்க்கலாம்னு சொல்றவங்கதான் வேணும். பெட்டியை உன் கண்ணு முன்னால பிரிக்கச் சொல்லு, தேதியைப் பாரு, பேட்ச் ஸ்டிக்கரை வாங்கி வெச்சுக்க. யாருக்கோ போட்ட மிச்சம்னா தொடவே விடாதே. பார்லர்ல போடறவங்க, ரெண்டு நாள் வகுப்பு முடிச்சவங்க எல்லாம் வேண்டாம். தோல் டாக்டர், பிளாஸ்டிக் சர்ஜன், இல்லைன்னா இமைக்குன்னே படிச்ச ஆக்குலோபிளாஸ்டி டாக்டர். என்னைக் கேட்டா இந்தக் கடைசி ஆள்தான். கோயமுத்தூர்ப் பெரிய கண் ஆஸ்பத்திரிகள்ல அந்தப் பிரிவு இருக்குது. ஊசி பெங்களூர்ல போட்டாலும், பள்ளமா பையான்னு ஒரு தடவை இங்க காட்டிட்டுப் போ.

பயமுறுத்தறேன்னு நினைக்காதே சாமி, இதையும் சொல்லியாகோணும். மூக்கோரத்துல ஏறி வர்ற ரத்தக் குழாய் கண்ணுக்குள்ள போற குழாயோட சேர்ந்திருக்குது. ஜெல் அதுக்குள்ள நுழைஞ்சு அழுத்தத்துல பின்னால போச்சுன்னா விழித்திரைக்கு ரத்தம் நின்னுரும். பார்வை போறது அபூர்வம். போனது திரும்பறது அதைவிட அபூர்வம், கரைக்கற மருந்து கூட அப்ப கை குடுக்கும்னு நம்ப முடியாது. அதனாலதான் முனை மழுங்கின கேனுலாங்கற குழாய் ஊசியில போடறாங்க, 25 கேஜோ அதைவிடத் தடிச்சதோ. கூரான ஊசியை விட ஆபத்து குறைவு, சுத்தமா இல்லைன்னு சொல்ல மாட்டேன். போடறப்பவோ போட்ட பொறகோ வெடுக்குனு வலி, பார்வை மங்கல், தோல் வெளுத்துப் போறது, வலை பின்னினாப்ல ஊதா நிறம், இதுல எது வந்தாலும் அந்த நிமிசமே சொல்லு. விடியட்டும்னு வீட்டுக்கு வந்து படுத்துக்காதே. தோலுக்கு ரத்தம் அடைச்சா ஹையலுரோனிடேஸை அப்பவே போடோணும், ஒரு வயல் பத்தாமயும் போகும். எத்தனை வயல் கையில இருக்குதுன்னு முன்கூட்டியே கேளு. வேணும்னா வாங்கிக்கலாம்னு பதில் வந்தா எந்திரிச்சு வந்துரு.

நான் இவ்வளவு எழுத உக்காந்ததே இதுக்குத்தான். நீ சின்னப் புள்ளையா இருந்தப்ப அப்புச்சி தோப்புல தேனீ கொட்டினது உனக்கு ஞாபகம் இருக்காது. தென்னம்பாளையில மொய்ச்சுட்டிருந்தது, காதுக்குப் பின்னால கொட்டிருச்சு. சித்த நேரத்துல உதடு தடிச்சு, மூச்சு வீசிங் ஆகி, அப்புச்சி உன்னைத் தூக்கிட்டு ஜி.எச்.க்கு ஓடினாரு. தேனீ விசத்துலயும் ஹையலுரோனிடேஸ் இருக்குது. தேனீ அலர்ஜி உள்ளவங்களுக்கு அந்த ஊசியும் ஒத்துக்காம போகலாம். கரைக்க மருந்து இருக்குதுன்னு மேல தைரியம் சொன்னேனே, அது உனக்குப் பொருந்துமான்னு அலர்ஜி டாக்டர் பார்த்துச் சொல்லோணும். ஃபில்லர் டாக்டர்கிட்டயும் உக்காந்ததும் இதைத்தான் முதல்ல சொல்லோணும், அவங்க கேட்கட்டும்னு இருக்காதே. அந்த ஊசி உனக்கு ஆகாதுன்னு தெரிஞ்சா ஃபில்லரே வேண்டாம். மேக்கப் பண்ற பொண்ணுகிட்ட சொல்லி கன்சீலர் போட்டுக்கலாம், போட்டோவுக்கு அது தாராளம்.

எல்லாம் சரின்னு வந்தா, தைக் கல்யாணத்துக்குக் கார்த்திகை கடைசிக்குள்ள முடிச்சுரோணும். ரத்தக்கட்டு ரெண்டு வாரம் வரைக்கும் நிக்கலாம், வீக்கம் வடியவும் நாள் வேணும். ஆஸ்பிரின், மீன் எண்ணெய் மாத்திரை ஏதாவது சாப்பிட்டா டாக்டர்கிட்ட சொல்லிரு. பல் வேலை இருந்தா அதோட ரெண்டு வாரம் இடைவெளி விடு. குழந்தைக்குப் பார்த்துட்டிருந்தீங்கன்னா இப்ப வேண்டவே வேண்டாம். மாப்பிள்ளையையும் கூட வரச்சொல்லு.

ஹீமோகுளோபினை இந்த வாரமே பார்த்துட்டு ரிப்போர்ட்டை அனுப்பு. அலர்ஜி டாக்டருக்கு நாள் வாங்கிட்டு எனக்குத் தேதியைச் சொல்லு, ராத்திரி பஸ் ஏறி வந்துர்றேன். தேனீ கொட்டினப்ப நடந்ததெல்லாம் எனக்குத்தான் தெரியும், அதை நானே அவங்ககிட்ட சொல்றேன்.

அன்புடன்,
அம்மா