பள்ளிக்கரணைக்கு எல்லைக் கல் நடுங்கள்

பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் பொறுப்பான அதிகாரிகள் அனைவருக்கும்,

வணக்கம். சதுப்பு நிலத்தை ஒட்டிய ஒரு குடியிருப்பின் மகளிர் மன்றத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் மனுக்கள் ஏற்கெனவே உங்களிடம் இருப்பதால் பழைய கதையெல்லாம் வேண்டாம். போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன், அப்புறம் ஒரே ஒரு கோரிக்கை.

நள்ளிரவில் ஒரு டிப்பர் லாரி வந்து, சதுப்பின் ஓரத்தில் கட்டட இடிபாட்டைக் கொட்டிவிட்டுப் போயிருக்கிறது. காலையில் போய்ப் பார்த்தோம். உடைந்த செங்கல், டைல்ஸ், கம்பி துருத்திக்கொண்டிருக்கும் கான்கிரீட் துண்டுகள், அவற்றுக்கு அடியில் நசுங்கிய கோரை. கொட்டிய அந்த இடத்தில்தான் ஓர் ஆள்காட்டிப் பறவை ஜோடி அடைகாத்துக்கொண்டிருந்தது. ஆள்காட்டி மரத்தில் கூடு கட்டாது. வெறும் தரையில், சரளைக் கற்களுக்கு நடுவே, மண் நிறத்திலேயே முட்டையிடும். பகலிலேயே பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தால்தான் கண்ணுக்குத் தெரியும். இரண்டு பறவைகளும் அந்தக் குவியலைச் சுற்றிச் சுற்றிக் கத்தின. ஒன்று குவியல்மேல் இறங்கும், செங்கல்லைக் கொத்தும், மறுபடி பறக்கும். எங்களோடு வந்த ஒரு அம்மா, பார்க்க முடியாமல் திரும்பி நடந்துவிட்டார்.

புகார் சொல்லப் போன் செய்தோம். ஓர் அலுவலகத்தில், "அது எங்க லிமிட்ல வருதான்னு தெரியணும் மேடம்" என்றார்கள். அடுத்த அலுவலகத்தில், "பட்டா நிலமா இருந்தா நாங்க ஒண்ணும் பண்ண முடியாது" என்றார்கள். இன்னொருவர் எங்களிடமே சர்வே நம்பர் கேட்டார். கடைசியாகப் பேசியவர் நல்ல மனிதர்தான். மரம் நடும் விழா ஏதாவது வைத்தால் வந்து தலைமை தாங்குவதாகச் சொன்னார். நாங்கள் லாரியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம் ஐயா.

இத்தனைக்கும் காரணம் ஒன்றுதான்: சதுப்பு நிலம் எங்கே முடிகிறது என்று தரையில் காட்ட ஒரு கல்கூட எங்கள் பக்கம் கிடையாது. 2007இல் 317 ஹெக்டேரைக் காப்புக்காடாக அறிவித்தீர்கள். 2022இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலில் சேர்ந்தபோது பரப்பு 1,247.54 ஹெக்டேர் என்று வந்தது. எங்கள் மன்றத்தில் அன்றைக்கு இனிப்பு கொடுத்துக் கொண்டாடினோம். ஆனால் அந்த 317க்கு வெளியே, 1,247க்கு உள்ளே இருக்கும் நிலம் யார் பொறுப்பு? லாரிகள் கொட்டுவது அங்கேதான். எல்லை எதுவென்று யாருக்கும் தெரியாத இடம் கொட்டுகிறவர்களுக்கு வசதி.

சட்டம் இல்லாமல் இல்லை. 2017ஆம் ஆண்டின் ஈரநில விதிகள் ஆக்கிரமிப்பையும் கழிவு கொட்டுவதையும் தடை செய்கின்றன. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2025 செப்டம்பரில், ராம்சார் பகுதியிலும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள்ளும், ஆய்வு முடியும்வரை கட்டட அனுமதி தரக் கூடாது என்றது. எல்லை தெரியாமல் அந்த ஒரு கிலோமீட்டரை எங்கிருந்து அளப்பீர்கள்? ஆகவே கேட்கிறோம்: சர்வே எண்களோடு வரைபடத்தை வெளியிடுங்கள், எல்லைக் கல் நடுங்கள்.

பறவைக்காக மட்டும் கேட்பதாக நினைக்க வேண்டாம். தென்சென்னை ஏரிகளின் உபரி நீர் இங்கே வந்து தேங்கி, ஒக்கியம் மடு என்ற நீர்வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய்க் கோவளத்தில் கடலைச் சேர வேண்டும். அந்த நீர் நிற்க இடமில்லாவிட்டால் எங்கே நிற்கும் என்பதை 2015 டிசம்பரில் வேளச்சேரியும் 2023 மிக்ஜாம் புயலில் பள்ளிக்கரணையும் பார்த்தன. முதல் மாடியிலிருந்து கைக்குழந்தையைப் படகில் இறக்கிவிட்ட பெண் எங்கள் உறுப்பினர். ஆனால் சதுப்பின் நெஞ்சிலேயே 200 ஏக்கருக்கு மேல் பெருங்குடி குப்பைக் கிடங்கு வந்தது. நடுவே 200 அடி ரேடியல் சாலை போனது, ரயில் நிலையம் எழும்பியது. 2022 ஏப்ரலில் குப்பை நாட்கணக்கில் எரிந்தபோது ஈரத் துணியை ஜன்னலில் கட்டிக்கொண்டு படுத்தோம். இதையெல்லாம் செய்தது லாரிக்காரர் இல்லை. எழுத எழுதக் கோபம்தான் வருகிறது, மன்னிக்கவும்.

பெண்கள் மன்றத்துக்கு இதில் என்ன வேலை என்று ஒருவர் கேட்டார். அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில், பெண்கள் மன்றங்களின் கூட்டமைப்பு 1916இலேயே ராயல் பாம் பூங்காவைத் திறந்து, சதுப்புக் காட்டின் ஒரு பகுதியைக் காத்தது. சட்டமன்றம் நிலத்தைத் தந்தது, பணம் தரவில்லை. பெண்களே நிதி திரட்டிப் பார்த்துக்கொண்டார்கள். 1947இல் எவர்கிளேட்ஸ் தேசியப் பூங்கா உருவானபோது அந்த இடத்தையும் சேர்த்துக்கொண்டார்கள். நாங்கள் நிர்வாகத்தையோ நிதியையோ கேட்கவில்லை. கல் கேட்கிறோம்.

எங்களில் பலர் ஓய்வுபெற்ற ஆசிரியைகள், வங்கி ஊழியர்கள். விடியற்காலையில் நீலத் தாழைக்கோழியையும் புள்ளிமூக்கு வாத்தையும் பார்த்துக் குறித்துவைத்த நோட்டுகள் எங்களிடம் இருக்கின்றன. லாரி கொட்டும் இடங்களின் படங்களும் இருக்கின்றன. எல்லாவற்றையும் தருகிறோம். அளவைக்கு வரும் நாளை முன்கூட்டியே சொன்னால் வெயிலில் உங்களோடு நடக்கவும் வருகிறோம். அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக எல்லைக் கல் நடும் வேலையைத் தொடங்கும்படியும், இதற்குப் பொறுப்பான ஓர் அதிகாரியின் பெயரை எங்களுக்கு எழுத்தில் தெரிவிக்கும்படியும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மகளிர் மன்றச் செயலாளர்