பெயர் மாறும், எண் மாறாது

அன்புள்ள கயல்,

நீ என்ஜினியராகச் சேரப்போகும் கப்பலுக்கு நான்கைந்து பழைய பெயர்கள் இருக்கின்றன, எதை நம்பி அதன் வரலாற்றைப் படிப்பது என்று கேட்டிருந்தாய். அதிவேகக் கார் ஃபெர்ரிகளுக்கு அது சகஜம்மா. பெயர்களை விட்டுவிட்டுக் கட்டுமான எண்ணைப் பிடித்துக்கொள். உன்னுடையதும் ஆஸ்திரேலியாவின் இன்கேட் கம்பெனி கட்டிய 91 மீட்டர் கேட்டமரான் (இரட்டை உடல் கப்பல்) தான் என்பதால், அதே ரகத்தில் பேர்போன, கட்டுமான எண் 049 கொண்ட கப்பலை வைத்தே சொல்கிறேன்.

டாஸ்மேனியாவின் ஹோபார்ட்டில் 1998இல் கட்டி, டென்மார்க்கின் ஓர்ஹூஸ்-கலுன்பொர்க் தடத்துக்கு 'கேட்-லிங்க் 5' என்று அனுப்பினார்கள். போகிற வழியில் நியூயார்க்கிலிருந்து அட்லாண்டிக்கை 2 நாள் 20 மணி 9 நிமிடத்தில், சராசரி 41.284 நாட் வேகத்தில் கடந்து, அட்லாண்டிக்கை மிக வேகமாகக் கடக்கும் பயணிகள் கப்பலுக்குத் தரும் ஹேல்ஸ் கோப்பையை வாங்கியது. எல்லோரும் எழுதுவது இதைத்தான். ஆனால் அது கார்களையும் பயணிகளையும் ஏற்றிப் போகும் அன்றாட ஓட்டம் இல்லை. கப்பலின் உடம்பு எப்படி இருக்கிறது என்று அதிலிருந்து உனக்கு ஒன்றும் தெரியாது.

அது ஓடிய தடங்களைப் பார். அந்தச் சாதனை ஓட்டத்துக்கு முந்தைய மாதம், 1998 ஜூனில், டென்மார்க்கின் கிரேட் பெல்ட் நீரிணைமேல் சாலைப் பாலம் திறந்தது. காரோடு பாலத்திலேயே போகலாம் என்றானதும் ஃபெர்ரிகளுக்குக் கடும் போட்டி. அடுத்த ஆண்டே கப்பல் மோல்ஸ்-லினியன் என்ற டென்மார்க் ஃபெர்ரி கம்பெனியின் கைக்குப் போய் 'மேட்ஸ் மோல்ஸ்' ஆனது. 2006இல் நார்வேயின் கிறிஸ்டியான்சாண்டுக்கு 'மாஸ்டர் கேட்', 2008இல் 'ஃபியோர்ட் கேட்'. பிறகு ஜெர்மனிக்கும் சுவீடனுக்கும் இடையே 'ஸ்கோனே ஜெட்'.

இந்த வரிசையை நீ கடலின் வரிசையாகப் படிக்க வேண்டும். முதலில் ஓடிய டென்மார்க் தடத்தின் கட்டேகாட் ஓரளவு அடக்கமான கடல். டென்மார்க்குக்கும் நார்வேக்கும் நடுவிலுள்ள ஸ்காகெராக் வடகடலைப் பார்த்துத் திறந்து கிடப்பது. இரண்டு உடல்களுக்கும் நடுவிலுள்ள தளத்தின் அடிப்பக்கத்தில் அலை வந்து மோதும் அடி அங்கேதான் அதிகம். ஓடிய மணிக்கணக்கு மட்டும் போதாது, எந்தக் கடலில் ஓடிய மணி என்று கேள். அலை உயரம் எவ்வளவு வரை போகலாம் என்று இயக்க அனுமதிச் சீட்டில் இருக்கும். அந்த வரம்பை ஒட்டி எத்தனை நாள் ஓடியிருக்கிறது என்பதை லாக் புக்கில் தேடு.

அலுமினியம் எஃகு மாதிரி இல்லை, கண்ணு. வெல்டிங்கின் சூடு பட்ட இடம் அக்கம்பக்கத்தைவிட வலுக் குறைந்துவிடும். ஒரே விரிசலை மூன்று முறை மூடியிருந்தால் அது ரிப்பேர் இல்லை, அந்த இடத்தில் வடிவமைப்பே தாங்கவில்லை என்று அர்த்தம். அதனால் வெல்டிங் பதிவுகளைத் தேதிவாரியாகப் பார்க்காதே, பிரேம் (கப்பலின் விலா எலும்பு மாதிரியான சட்டம்) எண்வாரியாக அடுக்கிப் பார். முன்பக்கத்து டி-ஃபாயில் (கப்பலின் ஆட்டத்தைக் குறைக்கும் நீரடி இறக்கை) தாங்கிகள், நடுத்தளத்தின் அடி, ஜன்னல் மூலைகள் இவற்றில் முதலில் கண் வை. விரிசலின் நுனியில் ஓட்டை போட்டு நிறுத்துவது துறைமுகம் போய்ச் சேரத்தான். பிறகு முழுவதையும் தோண்டியெடுத்து, ஈரமில்லாமல் காயவைத்து, அலுமினியத்துக்கென்றே தனியாக வைத்திருக்கும் துருப்பிடிக்காத எஃகு பிரஷ்ஷால் தேய்த்த பின்தான் வெல்டிங். ஈரம் இருந்தால் உள்ளே குமிழி நிற்கும். 5083 ரகத் தகடு 65 டிகிரிக்கு மேல் நெடுநாள் சூடுபட்டால் அதிலுள்ள மெக்னீசியம் உலோகத்தின் படிகமணிகள் ஒன்றையொன்று தொடும் எல்லைகளில் சேர்ந்து, அரிப்பும் விரிசலும் தொடங்கும். ஆகவே புகைக்குழாய்ப் பக்கத்தில் இன்சுலேஷன் கிழிந்திருந்தால் சும்மா விடாதே. பில்ஜில் (கசிவு நீர் தேங்கும் கப்பலின் அடித்தளத்தில்) ஒரு துண்டு செம்புக் கம்பிகூடக் கிடக்கக் கூடாது. அது கிடக்கும் இடத்தில் தகடு குழி விழும்.

049இல் நான்கு ரஸ்டன் என்ஜின்கள், ஒவ்வொன்றும் 20 சிலிண்டர், 7,080 கிலோவாட். 90 சதவீத லோடில், கிலோவாட்-மணிக்கு 200 கிராம் என்று கணக்கிட்டால் மணிக்கு 5 டன் டீசல். கைமாறிக்கொண்டே இருப்பதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம். புரொப்பல்லர் கப்பலில் பாசி பிடித்தால் என்ஜினுக்கு லோடு ஏறும், உடனே தெரிந்துவிடும். நீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சி ஓடும் உன் கப்பலின் வாட்டர்ஜெட்டில் அப்படித் தெரியாது. என்ஜினின் சுழல் வேகமும் லோடும் அப்படியே இருக்க, கப்பலின் வேகம் மட்டும் மெல்லக் குறையும். ஒரே ஒரு ஜெட்டில் மட்டும் லோடு இறங்கி, சுழல் வேகம் ஏறி, அதிர்வும் வந்தால் உள்வாயில் கயிறோ வலையோ சிக்கியிருக்கும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதே.

இன்னொன்று, எடை. கைமாறும்போதெல்லாம் கடை, இருக்கை, பெயின்ட் என்று ஏறிக்கொண்டே போகும். ஒப்படைத்த நாளின் வெற்றுக் கப்பல் எடையையும் கடைசி சர்வேயின் எடையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார். வேகம் எங்கே போனது என்பதற்குப் பாதி பதில் அங்கே கிடைக்கும்.

சேர்ந்த முதல் வாரத்திலேயே இந்தப் பிரேம் பட்டியலைப் போட்டுவிடு. ஒரே எண் இரண்டு முறைக்கு மேல் வந்தால் எழுது, வரைபடத்தோடு வைத்துச் சேர்ந்து பார்ப்போம். காதுக்கவசம் மறக்காதே.

அன்புடன்,
அப்பா