மீட்டர் போர்டோடு சேர்த்து சார்ஜ் வயரையும் வெட்டிவிட்டீர்கள்

அனுப்புநர்:
உங்கள் வாடிக்கையாளர்,
பொள்ளாச்சி.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: ஜிப்சி இன்ஜின் வயரிங் ஹார்னஸில் (வயர்க் கட்டில்) உள்ள குறைகள், பணத்தைத் திரும்பக் கேட்டு.

ஐயா,

என்னிடம் இருப்பது பழைய மாருதி ஜிப்சி, 1298 சிசி ஜி13பிபி எம்பிஎஃப்ஐ (கம்ப்யூட்டர் சொல்கிறபடி பெட்ரோலைப் பீய்ச்சும்) இன்ஜின். பாடியைக் கழற்றி ரோல் கேஜ் (கவிழ்ந்தால் ஆளைக் காக்கும் இரும்புக் கூண்டு) ஏற்றித் தென்னந்தோப்புக்குள் மட்டும் ஓட்டுகிறேன். ரோட்டுக்கு வராத வண்டி. அதனால் ஹெட்லைட், வைப்பர், மீட்டர் போர்டு வயர்கள் எதுவும் வேண்டாம், இன்ஜின் ஓட எது தேவையோ அது மட்டும் போதும் என்று சொல்லி, பழைய ஹார்னஸையும் 26,000 ரூபாயையும் உங்களிடம் கொடுத்தேன். ஐந்து வாரம் கழித்துப் பார்சல் வந்தது. கறுப்பு ஸ்லீவ் போட்டுப் பார்க்க அழகாகத்தான் இருந்தது.

மாட்டினேன். முதல் செல்ஃபிலேயே இன்ஜின் பிடித்துக்கொண்டது. சந்தோஷம் முக்கால் மணி நேரம்தான். தோப்பின் கடைசி வாய்க்கால் ஓரம் இன்ஜின் இருமி நின்றது. அப்புறம் செல்ஃபே எடுக்கவில்லை. டிராக்டர் கட்டி இழுத்து வந்தோம். புது பேட்டரி போட்டேன், மறுநாளும் அதே கதை.

மூன்றாம் நாள் எங்கள் ஊர் எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்தார். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் மல்டிமீட்டர் வைத்தால் 12.1 வோல்ட். பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் சுற்றுகிறது, சார்ஜ் மட்டும் இல்லை. அதன் பின்னால் கைவிட்டுத் தடவியவர், "தம்பி, சார்ஜ் லைட் எங்க?" என்றார். மீட்டர் போர்டு வேண்டாம் என்றேன் இல்லையா, அதில் இருந்த சார்ஜ் லைட்டையும் அதன் வயரையும் நீங்கள் வெட்டிவிட்டீர்கள். என்னுடைய ஆல்டர்னேட்டர் அந்த பல்பு வழியாக வரும் சின்ன மின்சாரத்தில்தான் வேலையைத் தொடங்கும் வகை. அண்ணன் ஒரு மூன்று வாட் பல்பைச் சாவியிலிருந்து ஆல்டர்னேட்டரில் அந்த வயர் சேர வேண்டிய முனைக்குக் கோர்த்தார். ஸ்டார்ட் பண்ணி லேசாக ஆக்ஸிலரேட்டர் கொடுத்ததும் பல்பு அணைந்தது, மீட்டரில் 14.1 வோல்ட் ஏறியது. பல்பின் விலை பத்து ரூபாய். இடையில் நான் வாங்கிய பேட்டரிக்கு 4,800.

சரி, இதோடு விட்டிருப்பேன். ஆனால் ரேடியேட்டர் ஃபேன் ஓட ஆரம்பித்ததும் ஐடிலிங் ஆடியது, கரும்புகை வந்தது. ஸ்லீவை வெட்டிப் பார்த்தோம். இன்ஜின் இழுக்கும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரின் எர்த், இன்ஜின் கம்ப்யூட்டரான ஈசியூவுக்குத் தனியாகத் திரும்பிப் போக வேண்டியது. அதை ஃபேன் எர்த்தோடு ஒரே முடிச்சாகப் போட்டிருக்கிறீர்கள். ஃபேன் ஓடும்போது அந்த முடிச்சுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே 0.3 வோல்ட் நிற்கிறது. சென்சார் தப்பாகச் சொல்கிறது, ஈசியூ அதை நம்பிப் பெட்ரோலை ஊற்றுகிறது. சேசிஸில் பெயிண்ட் இருந்து எர்த் சரியாகப் பிடிக்காமல் இருந்திருக்கும் என்று உங்கள் ஆள் போனில் சொன்னார். பெயிண்டைச் சுரண்டித்தான் போல்ட் போட்டேன், போட்டோ இருக்கிறது.

பெட்ரோல் பம்புக்குப் போகும் வயர் 0.5 சதுர மில்லிமீட்டர். அதற்கு 20 ஆம்பியர் ஃபியூஸ்! வயரைக் காப்பாற்றத்தான் ஃபியூஸ் என்று நினைத்திருந்தேன். இங்கே வயர் முதலில் எரிந்து ஃபியூஸைக் காப்பாற்றும் போலிருக்கிறது. அதுவும் டேங்குக்குப் பக்கத்தில். இன்ஜின் மேலே வரும் இணைப்புகளில் கிரிம்ப் (வயரை உலோகக் குழலில் வைத்து நசுக்கிச் சேர்ப்பது) இல்லை, ஈயம் வைத்து டேப் சுற்றியிருக்கிறது. அதிர்வில் ஒன்று ஏற்கெனவே ஈயம் முடிகிற இடத்தில் அறுந்துவிட்டது. வயரிங் படம் கேட்டால் "கம்பெனி ரகசியம்" என்கிறீர்கள். என் வண்டியில் எந்த வயர் எங்கே போகிறது என்பது எனக்கு ரகசியமா?

ஹார்னஸை உங்கள் செலவில் திரும்ப எடுத்துக்கொண்டு 26,000 ரூபாயையும் பேட்டரிக்கான 4,800 ரூபாயையும் 15 நாளுக்குள் தர வேண்டும். நான் கொடுத்த பழைய ஒரிஜினல் ஹார்னஸும் வேண்டும். அதைக் குப்பையில் போட்டுவிட்டோம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பதில் வராவிட்டால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட ஆணையத்துக்குப் போவேன்.

பில், மீட்டர் அளவுகளின் போட்டோ, அறுந்த இணைப்பின் போட்டோ ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். அறுந்த துண்டு என்னிடமே இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்