எத்தனை கணக்கு என்று கேளுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பிள்ளைகளுக்குக் கணினி வாங்கப் போகும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். என் மகன் ஈவ் ஆன்லைன் என்ற இணையவழி விண்வெளி விளையாட்டை விளையாடுபவன். அதில் தன் மூன்று கணக்குகளை ஒரே நேரத்தில், தனித்தனிச் சாளரங்களில் திறந்து வைப்பான். ஒரு கடைக்காரர் பேச்சைக் கேட்டு, கையிலிருந்த பணத்தில் பாதியை, திரையில் காட்சிகளை உருவாக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கே கொடுத்துவிட்டோம். ஓடும் நிரல்களைத் தாங்கும் தற்காலிக நினைவகமான ரேம் 8 ஜிபிதான். மூன்றாவது கணக்கைத் திறந்ததும் மவுஸ் அம்புக்குறிகூட நகரவில்லை. கணினியின் சுமையைக் காட்டும் டாஸ்க் மேனேஜரைப் பார்த்தால் ரேம் 96 சதவீதம்; கிராபிக்ஸ் கார்டோ 30-ஐத் தாண்டவில்லை. பையன் முகம் வாடிப்போனது எனக்குத் தாங்கவில்லை.

ஒவ்வொரு கணக்கும் தனித்தனியாக ரேமைப் பிடிக்கும், பிராசசரிலும் (கணினியின் மூளை) பங்கு கேட்கும். அப்புறம் அதே வேகத்தில் இன்னொரு 8 ஜிபி ரேம் வாங்கிச் சேர்த்தோம். இப்போது மூன்றும் தடங்கலின்றி ஓடுகின்றன.

பழைய அலுவலகக் கணினியை வாங்கினால் இன்டெல் எட்டாம் தலைமுறை பிராசசருக்குக் கீழே போகாதீர்கள். அதற்கு முந்தையவற்றில் பெரும்பாலானவை விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது.

விற்பவர்களும் விலைப்பட்டியலை நீட்டுவதற்கு முன், “எத்தனை கணக்கு ஓட்டுவீர்கள்?” என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.

- ஒரு வாசகர், விழுப்புரம்